ஒரே படத்தின் பாட்டுகள் ஆறு ஆல்பமாகச் சிதறிக் கிடந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

படம் ஒன்று, இசையமைப்பாளர் ஒருவர், பாட்டு ஆறு. ஆனால் பிளேயரைத் திறந்தால் அதே அட்டைப்படம் ஆறு தடவை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் தொட்டால் உள்ளே ஒரே ஒரு பாட்டு. தமிழ்ப் பாட்டு சேர்த்து வைத்திருப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்களில் இதுதான் அதிகம். சொந்தக்காரர், தெரிந்தவர் என்று யார் வீட்டு லேப்டாப்பைத் திறந்தாலும் ஏதோ ஒரு மூலையில் இது இருக்கும்.

பயப்பட ஒன்றுமில்லை. பாட்டு ஃபைல் கெட்டுப்போகவில்லை. அதற்குள் எழுதியிருக்கும் டேக், அதாவது படப்பெயர், பாடியவர், ஆண்டு போன்ற விவரக் குறிப்பு, ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். கீழே உங்கள் திரையில் தெரிவது எதுவோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில், வேலை வாங்கும் காரணம் பிறகு.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

பிரச்சினை உள்ள ஆல்பத்தின் ஃபோல்டரை மட்டும் வேறு இடத்தில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். மொத்தச் சேமிப்பிலும் ஒரேயடியாகக் கை வைக்க வேண்டாம். ஒரு ஆல்பத்தைச் சரிசெய்து, அது பிளேயரில் சேர்ந்து தெரிந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

டேக்கைப் பார்க்கவும் திருத்தவும் ஒரு எடிட்டர் வேண்டும். விண்டோஸுக்கு எம்பி3டேக் போதும், இலவசம். அதன் மேக் பதிப்புக்குக் காசு கேட்பார்கள், அதனால் மேக், லினக்ஸ்காரர்கள் கிட்3 வைத்துக்கொள்ளலாம். ஃபைலை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பக்கம் உள்ளே இருக்கும் எல்லா டேக்கையும் காட்டாது. அதை நம்பாதீர்கள்.

எம்பி3டேக்கில் ஃபோல்டரை இழுத்துப் போட்டு, கன்ட்ரோல்+ஏ அழுத்தி எல்லாப் பாட்டையும் செலக்ட் செய்யுங்கள். இப்போது இடது பக்கப் பலகையைப் பாருங்கள். எல்லாப் பாட்டிலும் ஒன்றாக இருக்கும் விவரம் அப்படியே எழுத்தில் தெரியும். பாட்டுக்குப் பாட்டு மாறினால் அந்தக் கட்டத்தில் 'கீப்' என்ற சொல் கோண அடைப்புக்குள் நிற்கும். டைட்டில், ஆர்ட்டிஸ்ட், டிராக் எண் ஆகியவற்றில் 'கீப்' இருப்பது இயல்பு. ஆல்பம், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், இயர் ஆகிய மூன்றில் ஒன்றில் 'கீப்' இருந்தால் கோளாறு அங்கேதான். கட்டத்தின் ஓரத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்துங்கள். 'கீப்', 'பிளாங்க்' என்ற இரண்டுக்கும் கீழே, அந்தப் பாட்டுகளுக்குள் எழுதியிருக்கும் வெவ்வேறு பெயர்கள் பட்டியலாக இறங்கும். பாதி நோய் அந்தப் பட்டியலைப் பார்த்தவுடனே புரிந்துவிடும்.

## அறிகுறி 1: பாடகர் மாறும்போதெல்லாம் ஆல்பமும் மாறுகிறது

எண்பதுகளின் இளையராஜா படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு எஸ்.பி.பி. தனியாக, ஒன்று எஸ்.பி.பி.யும் ஜானகியும், ஒன்று மலேசியா வாசுதேவன், ஒன்று ஜேசுதாஸ், ஒன்று சித்ரா. பிளேயரில் இந்த ஐந்தும் ஐந்து ஆல்பமாக நிற்கின்றன.

ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் காலியாக இருக்கிறது. பெரும்பாலும் காரணம் இதுவே. இந்தக் கட்டம் காலியாக இருந்தால் பல பிளேயர்கள் பாடியவரையே ஆல்பத்தின் சொந்தக்காரராக எடுத்துக்கொள்ளும். ஒரே குரலோ ஒரே குழுவோ முழு ஆல்பத்தையும் பாடும் வழக்கத்தை மனதில் வைத்து எழுதிய மென்பொருள்கள் அவை. நம் படப் பாட்டு அந்தச் சட்டையில் நுழையாது. எல்லாப் பாட்டையும் செலக்ட் செய்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரை எழுதி, கன்ட்ரோல்+எஸ் அழுத்துங்கள். பிளேயரில் மறுபடி ஸ்கேன் கொடுங்கள். வேலை முடிந்தது.

இங்கே 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்று போடச் சொல்லும் யோசனை உங்கள் காதுக்கு வரும். ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் அதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். 'பில்லா' 1980-இல் எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் வந்தது, 2007-இல் யுவன்ஷங்கர் ராஜா இசையில் வந்தது. இரண்டுக்கும் 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்று எழுதினால் பல பிளேயர்களில் ரெண்டு படமும் ஒரே ஆல்பமாகக் கலந்துவிடும். இசையமைப்பாளர் பெயர் இருந்தால் தாமாகவே தனித்தனியாக நிற்கும். அதோடு, நாமே 'ராஜா பாட்டு', 'ரஹ்மான் பாட்டு' என்றுதானே தேடுகிறோம்? பல படங்களிலிருந்து பொறுக்கிய தொகுப்பு, 'மெலடி ஹிட்ஸ்' மாதிரியானவை, இவற்றுக்கு மட்டும் 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்' பொருந்தும்.

செய்யக்கூடாத குறுக்குவழி ஒன்றும் இருக்கிறது. ஆர்ட்டிஸ்ட் கட்டத்திலேயே எல்லாப் பாட்டுக்கும் 'இளையராஜா' என்று எழுதிவிடுவது. ஆல்பம் சேர்ந்துவிடும். ஆனால் நாளைக்கு ஜானகி பாட்டு மட்டும் கேட்க வேண்டும் என்று தேடினால் ஒன்றும் வராது, பாடியவர் விவரம் அழிந்தே போயிருக்கும். பாடியவர் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் இருக்கட்டும். இசையமைப்பாளர் பெயரை ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், கம்போசர் இரண்டிலும் எழுதுங்கள்.

இசையமைப்பாளர் பெயர் இரண்டு மூன்று விதமாக இருக்கிறது. 'ஏ.ஆர்.ரஹ்மான்', 'ஏ. ஆர். ரஹ்மான்', 'ஏஆர் ரஹ்மான்'. நமக்கு ஒரே ஆள். பிளேயருக்கு மூன்று பேர். இளையராஜாவை ஆங்கிலத்தில் எழுதும்போது நிலைமை இன்னும் மோசம். முன்னால் 'இசைஞானி' சேர்ப்பவர்கள், 'ராஜா'வில் நெடிலுக்கு ஓரெழுத்து போடுபவர்கள், ஈரெழுத்து போடுபவர்கள் என்று எத்தனையோ. ஒரு எழுத்துமுறையைத் தேர்ந்தெடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, எல்லா ஆல்பத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள். எது சரியான எழுத்துமுறை என்ற விவாதத்தில் இறங்க வேண்டாம். ஒரே மாதிரி இருந்தால் போதும்.

இரட்டையர். விஸ்வநாதன் - ராமமூர்த்தி, சங்கர் - கணேஷ். இவர்கள் பெயருக்கு நடுவே சாய்கோடோ அரைப்புள்ளியோ இருந்தால் சில மென்பொருள்கள் இரண்டு ஆளாகப் பிரித்துக்கொள்ளும். எம்பி3-இல் டேக் எழுதும் முறைக்குப் பெயர் ஐடி3. அதன் வி2.3 பதிப்பில் சாய்கோடு என்பதே பெயர்களைப் பிரிக்கும் குறிதான். நடுவில் சிறு கோடு போட்டு ஒரே பெயராக எழுதுவது பாதுகாப்பு. இன்னொன்று: இருவரும் 1965-இல் பிரிந்தார்கள், அதன்பின் எம்.எஸ்.வி. தனியாக இசையமைத்தார். அதனால் எம்.எஸ்.வி. பெயர் இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரே மூச்சில் 'விஸ்வநாதன் - ராமமூர்த்தி' என்று மாற்றிவிடாதீர்கள்.

'கம்பைலேஷன்' டிக் சில பாட்டில் உண்டு, சில பாட்டில் இல்லை. ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் மியூசிக் வழியாக வந்த சேமிப்பில் மட்டும் இதைத் தேடுங்கள். ஆல்பத்தின் எல்லாப் பாட்டையும் செலக்ட் செய்து 'கெட் இன்ஃபோ' போய், 'டீட்டெயில்ஸ்' தாவலில் அந்த டிக்கை எல்லாவற்றுக்கும் எடுத்துவிடுங்கள், அல்லது எல்லாவற்றுக்கும் போடுங்கள். கலந்து இருக்கக்கூடாது. பக்கத்தில் 'சார்ட்டிங்' தாவலையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே 'சார்ட் ஆல்பம்' கட்டத்தில் ஒரு பாட்டில் மட்டும் வேறு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கர்நாடக சங்கீதக் கச்சேரி ஆல்பத்துக்கும் இதே வைத்தியம். ஒரு உருப்படிக்கு வயலின்காரர் பெயரும், தனி ஆவர்த்தனத்துக்கு மிருதங்கக்காரர் பெயரும் ஆர்ட்டிஸ்டாக இருக்கும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் பிரதானமாகப் பாடியவர் ஒருவர் பெயர் மட்டும்.

## அறிகுறி 2: ஒரே பெயர் இரண்டு தடவை வருகிறது, உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை

இதில்தான் ஆட்கள் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. எல்லாப் பாட்டையும் செலக்ட் செய்து, ஆல்பம் கட்டத்தின் பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, சேவ் செய்யுங்கள். எல்லாவற்றிலும் அந்த ஒன்றே எழுதப்படும். ஆல்பம் ஆர்ட்டிஸ்டுக்கும் அப்படியே. பெரும்பாலான சமயம் இத்தோடு தீர்ந்துவிடும்.

அடுத்த ஆல்பத்திலும், அதற்கடுத்ததிலும் இதே வந்தால் காரணம் தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியில் ஒரு இடைவெளி. பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ், அல்லது நடுவில் இரண்டு ஸ்பேஸ். காப்பி செய்து ஒட்டியதில் வருவது. கர்சரைக் கட்டத்துக்குள் வைத்து 'எண்ட்' விசையை அழுத்துங்கள். கடைசி எழுத்தை ஒட்டி நிற்காமல் சற்றுத் தள்ளி நின்றால் இதுதான்.

தமிழ் எழுத்து இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கிறது. தமிழில் டேக் எழுதுபவர்களுக்கு வரும் தலைவலி. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. 'ஸ்ரீ' இன்னும் சிக்கல். அதை 'ஸ' வைத்தும் எழுதலாம், 'ஶ' வைத்தும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே வடிவம். பக்திப் பாடல் ஆல்பங்கள் இதனாலேயே அடிக்கடி பிரிகின்றன. ஒகரத்தையாவது சில மென்பொருள்கள் தாமாகவே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும். 'ஸ்ரீ'க்கு அந்த உதவியும் கிடையாது. மூன்றாவது, 'கௌரி'க்குப் பதிலாக 'கெளரி' என்று 'ள' எழுத்தைப் போட்டுத் தட்டுவது. இந்தப் பத்தியிலேயே அவை இரண்டும் இருக்கின்றன. உங்கள் உலாவியின் தேடலில் ஒன்றைப் போட்டால் மற்றது அகப்படாது, செய்து பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் தீர்வு ஒன்றுதான்: ஒரே விசைப்பலகையில் ஒரே தடவை தட்டி, அதையே எல்லாப் பாட்டுக்கும் சேவ் செய்வது. ஃபோனில் பாதி, கணினியில் பாதி என்று தட்டாதீர்கள்.

பெயர் நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு ஆல்பத்தில் பெயர் முழுசாக இருக்கும். இன்னொன்றில் அடைப்புக்குறி திறந்து, சொல் பாதியில் நிற்கும். எண்ணிப் பாருங்கள், 30 எழுத்தில் நின்றிருக்கும். அந்தப் பாட்டில் பழைய ஐடி3 வி1 டேக் மட்டுமே இருக்கிறது என்று அர்த்தம். அதில் ஆல்பம் பெயருக்கு 30 இடம்தான், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற கட்டமே கிடையாது. முழுப் பெயரை எழுதி சேவ் செய்தால் எம்பி3டேக் புதிய வகை டேக்கையும் சேர்த்து எழுதிவிடும்.

எழுத்தெல்லாம் கிறுக்கலாக இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, பாமினி போன்ற முறைகளில் தமிழ் தட்டியவர்களின் பழைய சேமிப்பு. பத்துப் பதினைந்து ஆல்பம் என்றால் கையால் திருத்திவிடுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 3: ஆல்பம் சேர்ந்திருக்கிறது, ஒன்றிரண்டு பாட்டு மட்டும் வெளியே நிற்கிறது

தனிப்பாட்டாக முதலில் வெளியானது. இப்போதெல்லாம் படம் வருவதற்கு முன்பே 'ஃபர்ஸ்ட் சிங்கிள்', 'செகண்ட் சிங்கிள்' என்று ஒவ்வொரு பாட்டாக விடுகிறார்கள். அப்படி வாங்கிய பாட்டின் ஆல்பம் கட்டத்தில் படத்தின் பெயர் தனியாக இருக்காது. பாட்டின் பெயரைப் போட்டு, அடைப்புக்குள் 'ஃப்ரம்' என்று சொல்லி படப்பெயரைச் சேர்த்திருப்பார்கள். ஆல்பம் பெயரைப் படப்பெயராக மாற்றுங்கள், டிராக் எண்ணும் '1' என்று இருக்கும், அதையும் சரிசெய்யுங்கள். ஆண்டு தப்பித்தவறி முந்தைய ஆண்டாக இருந்தால் அதையும். டிசம்பரில் சிங்கிள் வந்து ஜனவரியில் முழு ஆல்பம் வந்தால் இப்படி நடக்கும்.

வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில பாட்டில் படப்பெயர் மட்டும், சில பாட்டில் 'ஒரிஜினல் மோஷன் பிக்சர் சவுண்ட்டிராக்' என்ற நீண்ட வால். பாட்டு இறக்கும் தளங்கள் தங்கள் முகவரியையே ஆல்பம் பெயரின் வாலில் கட்டிவிடுவதும் உண்டு. வாலை வெட்டி விடுங்கள், ஒரு படத்துக்கும் அது தேவையில்லை.

ஆண்டு வேறு. எல்லா பிளேயரும் ஆண்டைப் பார்த்துப் பிரிக்காது. சில பிரிக்கும். பட வெளியீட்டு ஆண்டை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுங்கள். பழைய படம் ஒன்றை டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்ட ஆண்டு டேக்கில் இருந்தால், 1978 படம் 2010-இன் வரிசையில் போய் நிற்கும், அதையும் இந்த வேலையோடு சேர்த்துத் திருத்தலாம்.

கண்ணுக்குத் தெரியாத அடையாள எண். ஆல்பம், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், ஆண்டு மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்று, ஆனாலும் ஒரு பாட்டு சேர மறுக்கிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் என்ற, இணையத்தில் தேடி டேக்கை நிரப்பும் மென்பொருள் வழியாக ஒருமுறை போய் வந்த பாட்டுகளில் 'மியூசிக்பிரெய்ன்ஸ் ஆல்பம் ஐடி' என்ற நீளமான எண் ஒன்று உள்ளே எழுதப்பட்டிருக்கும். எம்பி3டேக்கில் ஆல்ட்+டி (ஆங்கில T) அழுத்தினால் இது மாதிரியான மறைந்த கட்டங்கள் எல்லாம் திறக்கும். ஐந்து பாட்டில் ஒரு எண், ஆறாவதில் வேறு எண் இருக்கும். வீட்டுப் பாட்டுச் சேமிப்பை மற்ற கருவிகளுக்கு அனுப்பும் நாவிட்ரோம் சர்வர் 0.55 பதிப்பு முதல் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறது. எண் இல்லாவிட்டால்தான் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், ஆல்பம் பெயர், ஆல்பம் பதிப்பு, வெளியீட்டுத் தேதி ஆகியவற்றுக்கு வருகிறது. மறைந்த அந்தக் கட்டத்தை எல்லாப் பாட்டிலும் அழித்துவிட்டு முழு ஸ்கேன் கொடுங்கள்.

பிகார்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நல்ல கருவிதான். ஆனால் அதில் உள்ள 'ஸ்கேன்' பொத்தான் ஒலியை வைத்து ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக அடையாளம் காணும். பழைய தமிழ்ப் பாட்டு ஒன்று ஏழெட்டு 'ஹிட்ஸ்' தொகுப்பில் இருக்கும் என்பதால், ஒரு படத்தின் ஐந்து பாட்டை அது ஐந்து தொகுப்புக்கு அனுப்பிவிடும். சேர்ந்திருந்த ஆல்பத்தைப் பிரித்துப் போடும் வேலையைத்தான் அது செய்கிறது. பாட்டுகளை முதலில் 'கிளஸ்டர்' செய்து, அந்தக் கிளஸ்டருக்கு 'லுக்அப்' கொடுங்கள். அப்போது ஆல்பமாகவே தேடும்.

## அறிகுறி 4: டிஸ்க் 1 தனி, டிஸ்க் 2 தனி

ஆல்பம் பெயரிலேயே 'சிடி 1', 'சிடி 2' என்று எழுதியிருக்கிறது. பெயரிலிருந்து அதை எடுத்துவிட்டு, 'டிஸ்க்நம்பர்' கட்டத்தில் 1, 2 என்று போடுங்கள். ஜெல்லிஃபின் என்ற சர்வர் வைத்திருப்பவர்கள் ஃபோல்டரையும் பார்க்க வேண்டும். அது ஒரு ஃபோல்டருக்கு ஒரு ஆல்பம் என்ற கணக்கில் போகும். ஒரு தாய் ஃபோல்டர், அதற்குள் இரண்டு டிஸ்க் ஃபோல்டர் என்று வையுங்கள்.

நம் ஊர்ப் பழைய சிடிகளில் தலைகீழ் வழக்கம் ஒன்று உண்டு: ஒரே சிடியில் இரண்டு மூன்று படங்கள். சிடியிலிருந்து எடுக்கும்போது மூன்றும் ஒரே ஆல்பமாக வந்துவிடும். சிடியை அப்படியே காப்பாற்றும் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது சரி. மற்றவர்கள் படவாரியாக ஃபோல்டர் பிரித்து, டிராக் எண்ணை ஒவ்வொரு படத்துக்கும் 1-இலிருந்து போட்டுவிடுங்கள். எம்பி3டேக்கின் 'டூல்ஸ்' மெனுவில் 'ஆட்டோ நம்பரிங் விசார்ட்' இந்த எண் போடும் வேலையை நொடியில் முடிக்கும்.

## அறிகுறி 5: டேக் எல்லாம் சரி, பிளேயர் மட்டும் பழையபடியே காட்டுகிறது

எடிட்டரில் ஒரு 'கீப்' கூட இல்லை. ஆனாலும் திரையில் ஆறு ஆல்பம். இப்போது ஃபைலை விட்டுவிட்டு பிளேயரைப் பாருங்கள்.

ஸ்கேன் ஆகவில்லை. பிளேயரை மூடித் திறப்பது ஸ்கேன் ஆகாது. செட்டிங்ஸில் 'ரீஸ்கேன்' அல்லது 'ஃபுல் ஸ்கேன்' என்று தேடிக் கொடுங்கள்.

ஃபைல் மாறியதே பிளேயருக்குத் தெரியவில்லை. நிறைய சர்வர்கள் ஃபைலின் திருத்திய தேதியைப் பார்த்துத்தான் மறுபடி வாசிக்கும். எம்பி3டேக்கில் 'பிரிசர்வ் ஃபைல் மாடிஃபிகேஷன் டைம்' என்ற தேர்வு டிக் ஆகியிருந்தால் டேக் மாறும், தேதி மாறாது. சர்வர் திரும்பியும் பார்க்காது. 'ஆப்ஷன்ஸ்', 'டேக்ஸ்' பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை சேவ் செய்யுங்கள்.

ஒரே ஃபைலில் இரண்டு மூன்று டேக். எம்பி3-க்குள் ஐடி3 வி1, ஐடி3 வி2, ஏப் என்று மூன்று வகை டேக் ஒரே நேரத்தில் இருக்கலாம். எடிட்டர் ஒன்றைக் காட்டும், பிளேயர் இன்னொன்றைப் படிக்கும். எம்பி3டேக்கின் 'டேக்' நெடுவரிசையைப் பாருங்கள். அடைப்புக்குள் ஒன்றுக்கு மேல் இருந்தால் 'ஆப்ஷன்ஸ்', 'டேக்ஸ்', 'எம்பெக்' பக்கத்தில் 'ரிமூவ்' வரிசையில் ஏப், ஐடி3 வி1 இரண்டை மட்டும் டிக் செய்து, பிறகு 'ரிமூவ் டேக்' கொடுங்கள். மிஞ்சிய டேக்கில் பழைய விவரம் இருக்கக்கூடும், அதனால் ஆல்பம் ஆர்ட்டிஸ்டை இன்னொரு தடவை எழுதி சேவ் செய்வது உத்தமம்.

ஃபிளாக் ஃபைலில் இதற்குத் தம்பி ஒன்று உண்டு. 'ஆல்பம்ஆர்ட்டிஸ்ட்' என்று சேர்த்து எழுதிய கட்டமும், 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்று இடைவெளி விட்ட கட்டமும் தனித்தனியாக இருக்கும். ஆல்ட்+டி பக்கத்தில் இடைவெளி விட்டதை அழித்துவிடுங்கள். வேவ் ஃபைல்களை டேக் விஷயத்தில் நம்பவே வேண்டாம், ஃபிளாக்காக மாற்றிவிடுங்கள், ஒலித்தரம் துளியும் குறையாது.

இணையத்திலிருந்து எடுத்த விவரம் உங்கள் டேக்கை மீறுகிறது. பிளெக்ஸ் என்ற சர்வரில் லைப்ரரியின் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் 'ப்ரிஃபர் லோக்கல் மெட்டாடேட்டா' டிக் செய்யுங்கள். பிரிந்து நிற்கும் இரண்டையும் செலக்ட் செய்து 'மெர்ஜ்' கொடுக்கவும் முடியும், ஆனால் டேக்கைத் திருத்தாமல் மெர்ஜ் மட்டும் செய்தால் லைப்ரரியைப் புதிதாகப் போடும் அன்று பழைய கதை திரும்பும்.

கேஷ், அதாவது பிளேயர் சேமித்து வைத்திருக்கும் பழைய விவரம், பிடிவாதம் பிடிக்கிறது. பிளெக்ஸ்காரர்கள் 'பிளெக்ஸ் டான்ஸ்' என்று சொல்வதைத்தான் எல்லா சர்வருக்கும் செய்யலாம். அந்த ஆல்பம் ஃபோல்டரை லைப்ரரிக்கு வெளியே நகர்த்துங்கள். ஸ்கேன் கொடுங்கள், ஆல்பம் திரையிலிருந்து மறைய வேண்டும். குப்பையைக் காலி செய்யுங்கள். ஃபோல்டரைத் திரும்ப வைத்து மறுபடி ஸ்கேன். இதற்கும் மசியாவிட்டால் கடைசி வழி லைப்ரரியை அழித்துப் புதிதாகப் போடுவது. பிளேலிஸ்ட், எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கு, நட்சத்திரம் போட்டது எல்லாம் போய்விடலாம். முதலில் பிளேலிஸ்டை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

## அறிகுறி 6: கணினியில் சேர்ந்திருக்கிறது, ஃபோனிலோ காரிலோ பிரிகிறது

ஃபோனில் முதலில் வேறொரு பிளேயர் ஆப்பைப் போட்டுப் பாருங்கள். அதில் சேர்ந்து தெரிந்தால் உங்கள் ஆப்தான் ஆல்பம் ஆர்ட்டிஸ்டை மதிக்கவில்லை. அதன் செட்டிங்ஸில் ஆல்பத்தை எதை வைத்துத் தொகுப்பது என்ற தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லாவிட்டால் ஆப்பை மாற்றுங்கள். இரண்டு ஆப்பிலும் பிரிந்தால் ஃபோனில் பழைய காப்பி இருக்கிறது: போன மாதம் ஏற்றியதும் இன்று ஏற்றியதும் இரு வேறு ஃபோல்டரில். பழையதை அழியுங்கள். ஆண்ட்ராய்டின் 'மீடியா ஸ்டோரேஜ்' டேட்டாவை அழிக்கச் சொல்லும் வைத்தியம் பலிக்கும்தான், ஆனால் அதைக் கடைசிக்கு வையுங்கள். அங்கே சேமிக்கப்பட்ட பிளேலிஸ்டுகள் போய்விடலாம்.

கார் ஸ்டீரியோ தனி ரகம். பல யூனிட்கள் ஆல்பம் ஆர்ட்டிஸ்டைப் படிப்பதே இல்லை. சில ஐடி3 வி2.4 டேக்கைக் கண்டால் முழிக்கும். எம்பி3டேக்கில் எழுதும் வகையை 'வி2.3, யூடிஎஃப்-16' என்று வைத்து ஒருமுறை சேவ் செய்து பாருங்கள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த யூனிட்டில் தமிழ் எழுத்துரு இல்லை, டேக்கைத் திருத்திப் பயனில்லை. இதற்கெல்லாம் மேல் ஒரு சுலப வழி: பென்டிரைவில் படத்துக்கு ஒரு ஃபோல்டர், ஃபைல் பெயருக்கு முன்னால் 01, 02. காரில் ஆல்பம் பட்டியலை விட்டுவிட்டு ஃபோல்டர் பட்டியலில் போங்கள். வண்டி ஓட்டும்போது தேடவும் அதுதான் வசதி.

## எப்போது நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

வெறும் டேக் கோளாறுக்குக் காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டாம். மூன்று இடத்தில் மட்டும் நீங்களாகத் தொடராதீர்கள்.

பழைய குறியேற்றத்தில் ஆயிரக்கணக்கான பாட்டு. இதைக் கையால் செய்வது நடக்காது. பைத்தான் மாதிரி நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவரிடம் பத்துப் பாட்டைக் கொடுத்து, அவை சரியாக யூனிகோடுக்கு மாறுகின்றனவா என்று பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள். மூல ஃபைல்களைக் கொடுக்காதீர்கள், காப்பியைக் கொடுங்கள்.

நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) 'பர்மிஷன் டினைட்' என்று சேவ் ஆக மறுக்கிறது. ஃபைல் 'ரீட் ஒன்லி'யாக இருக்கிறதா, பிளேயர் அதே ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள். அதற்கு மேல் ஷேர் அனுமதிகளில் கை வைப்பதற்குப் பதில் அந்தப் பெட்டியை நிறுவிக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். வீட்டு ஃபோட்டோக்களும் அதே பெட்டியில்தான் இருக்கும்.

மூன்றாவதுதான் அவசரம். டேக் சேவ் செய்யும்போது கணினி உறைந்து நிற்கிறது, 'ஐ/ஓ எரர்' வருகிறது, சில பாட்டு நடுவில் வெட்டி வெட்டிப் பாடுகிறது, அல்லது வெளி ஹார்டு டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது. டேக் திருத்துவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். சத்தம் இல்லையென்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் நிலையைப் பாருங்கள். 'காஷன்' அல்லது 'பேட்' என்று வந்தால், முதலில் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காதவற்றை, அதாவது வீட்டுக் கேசட்டிலிருந்து பதிவு செய்தது, கச்சேரிப் பதிவு, குடும்பக் குரல், வேறு டிஸ்குக்கு எடுங்கள், படப் பாட்டு பிறகு. சத்தம் வருகிறதென்றால் அதையும் செய்யாதீர்கள். கழற்றி வைத்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டு போங்கள். பிரித்துப் பார்ப்பதற்கு முன் கட்டணம் எவ்வளவு, ஃபைல் கிடைக்காவிட்டால் எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது எல்லாம் மறுபடி வாங்கக்கூடிய படப் பாட்டு மட்டும்தான் என்றால் அந்தச் செலவு வேண்டாம், அந்தக் காசுக்குப் புது டிஸ்க் இரண்டு வாங்கலாம்.